மில்டனின் பாலமும் கம்பனின் சேதுவும்



நமது சங்க மலருக்கு இலக்கியக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பலமுறை யோசித்தேன். நான் தமிழ்ப் புலவன் அல்லன். சிவில் என்ஜினியரிங்கில் டிப்ளமா பெற்று, இரயில்வேயில் சேர்ந்து, பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். ஆயினும் ஒரு பாலத்தைப் பற்றிய படம் என்பதால் துணிந்து எழுதுகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

மைசூரில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் பேத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கல்லூரி நூலகத்திலிருந்து கொண்டுவந்த பெரிய படப் புத்தகம் ஒன்றை என் முன் விரித்து வைத்தாள். பக்கம் முழுவதும் ஒரே கருமை. குகை போன்ற ஒரு பெரிய வளைவு. அதனூடே நீண்டு செல்லும் ஒரு பாதை. தொலைவில் கொஞ்சம் வெளிச்சம். பாதையின் மேல் எறும்பளவில் சில உருவங்கள்.

"தாத்தா, நீங்க என்ஜினியர்தானே? இந்தப் பாலம் நல்லா கட்டியிருக்கா, இல்லையா?" என்று கேட்டாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "நன்றாகத்தான் கட்டியிருக்கிறது, அம்மா" என்றேன்.

"அப்புறம் ஏன் எல்லாரும் அதைக் கெட்ட பாலம்னு சொல்றாங்க?"

உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அதற்கு நான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

காவியமும் காட்சியும்

அந்தப் படம் ஆங்கில மகாகவி ஜான் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' என்னும் காவியத்துக்காக வரையப்பட்டது. மில்டன் 1608இல் பிறந்து 1674இல் மறைந்தவர். 1652ஆம் ஆண்டளவில் இரு கண்களிலும் பார்வையை முழுவதும் இழந்தார். அதன்பின் பிறரைக் கொண்டு எழுதுவித்த இக்காவியம் 1667இல் பத்துக் காண்டங்களாக வெளிவந்தது. 1674இல் பன்னிரண்டு காண்டங்களாகப் பிரித்து அமைக்கப்பட்டது.

தமிழருக்கு இந்நூல் அறிமுகமில்லாதது அன்று. கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை பெற்ற வெ.ப. சுப்பிரமணிய முதலியார் இதன் முதற் காண்டத்தைச் 'சுவர்க்க நீக்கம்' என்ற பெயரில் 1895இல் தமிழ்ச் செய்யுளாகத் தந்தார். அவர் கால்நடை மருத்துவத் துறையில் அரசுப் பணி பார்த்தவர் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெம்பளிக்கும் செய்தி. விவிலியக் கதையைக் காவியமாக்குவதும் நமக்குப் புதிதல்ல. அதற்கும் முன்பே வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை 3,615 பாடல்களில் பாடி முடித்துவிட்டார்.

காவியத்தின் மூலக்கதை விவிலியத்தின் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்டு, ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கதை அது. விவிலியத்தில் சுருக்கமாக உள்ள கதையை மில்டன் பெரிதாக விரித்தார். அவர் புதிதாகப் படைத்த காட்சிகளுள் ஒன்று பத்தாம் காண்டத்தில் வரும் பாலம்.

சாத்தானுக்குப் 'பாவம்' ஒரு மகள். 'மரணம்' அவள் வயிற்றில் பிறந்த மகன். ஆசை பாவத்தையும் பாவம் மரணத்தையும் ஈனும் என்று யாக்கோபின் நிருபம் முதல் அதிகாரம் கூறுவதை மில்டன் இப்படிக் குடும்ப உறவாக்கிவிட்டார். இருவரும் நரக வாசலில் காவல் இருக்கிறார்கள். பூமியில் மனிதன் தவறிவிட்டான் என்பதை அங்கிருந்தபடியே உணர்ந்துகொள்கிறார்கள். நரகத்துக்கும் உலகத்துக்கும் நடுவில் 'கேயாஸ்' என்னும் ஒழுங்கற்ற பெருங்குழப்பம் கடல்போல் கொந்தளிக்கிறது. வருவோர் போவோர் வசதிக்காக அதன் மேல் ஒரு பாலம் கட்டலாம் என்று தாயும் மகனும் தீர்மானிக்கிறார்கள்.

கட்டிய விதத்தை மில்டன் ஒரு மேற்பார்வையாளர் குறிப்பு எழுதுவதுபோல் வரிசையாகச் சொல்கிறார். குழப்பத்தில் மிதக்கும் பொருள்களை இருபுறமிருந்தும் தள்ளிக்கொண்டுவந்து குவிக்கிறார்கள். மரணம் தன் தண்டாயுதத்தால் அடிக்க, இளகிக் கிடந்தது கல்லாய் இறுகுகிறது. தார் போன்ற பிசினால் மற்றதை இணைக்கிறார்கள். பாலத்தின் அகலம் நரக வாசலின் அகலம். அஸ்திவாரம் நரகத்தின் அடிவேர் வரை. கடைசியில் அசையாதபடி வயிரம் போன்ற ஆணிகளும் சங்கிலிகளும் கொண்டு பிணைக்கிறார்கள். கேட்டுக்குப் போகும் வழி அகலமானது என்று இயேசு மலைப் பிரசங்கத்தில் சொன்னதை இங்கே நினைவுகூர வேண்டும். வெற்றியோடு திரும்பும் சாத்தான் அவர்களைச் சந்தித்து, இந்த வேலையைப் பார்த்து மகிழ்ந்து, பூமியை ஆளும்படி இருவரையும் அனுப்பிவைக்கிறான்.

படம் வரைந்தவர்

இக்காட்சிக்குப் படம் தந்தவர் ஜான் மார்ட்டின் (1789–1854). இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில், ஹேடன் பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். ஊர்ப் பெயரிலேயே பாலம் இருப்பதைக் கவனியுங்கள். சிறுவயதில் நியூகாசிலில் கோச்சு வண்டிகளுக்குச் சின்னம் வரையும் வேலை கற்றார். 1806இல் இலண்டன் சென்று, பீங்கானிலும் கண்ணாடியிலும் சித்திரம் எழுதிப் பிழைத்தார். 1821இல் விவிலியத்தின் தானியேல் ஆகமக் காட்சியான 'பெல்ஷாத்சாரின் விருந்து' என்ற ஓவியத்தால் பெரும் புகழ் அடைந்தார்.

அதன்பின் செப்டிமஸ் பிரௌவெட் என்ற பதிப்பாளர், மில்டன் காவியத்துக்கு 24 படங்கள் வேண்டும் என்று கேட்டு 2,000 கினி ஊதியம் பேசினார். அதே படங்களைச் சிறிய அளவில் மீண்டும் செய்துதர மேலும் 1,500 கினி தந்தார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். 1825 முதல் 1827 வரை அப்படங்கள் பகுதி பகுதியாக வெளிவந்தன.

கற்பனையும் உணர்ச்சியும் மேலோங்கி நின்ற அக்காலத்துக் கலையை 'ரொமாண்டிக்' கலை என்பர். அதே காலத்தவரான வில்லியம் பிளேக்கும் 1807, 1808ஆம் ஆண்டுகளில் இக்காவியத்துக்கு நீர்வண்ணப் படங்கள் வரைந்தார். பிளேக்கின் படங்களில் மனித உருவங்களே தாளை நிறைத்து நிற்கும். மார்ட்டினிடம் இடம் பெரிது, ஆள் சிறிது.

மார்ட்டினுக்கு இன்னொரு முகமும் உண்டு. இலண்டனுக்கு நல்ல குடிநீர் கொண்டுவரவும், கழிவுநீர் தேம்ஸ் நதியில் கலவாமல் கரையோரமாகவே கொண்டுசெல்லவும் 1827 முதல் பல திட்டங்கள் தீட்டி, தம் கைப்பணத்தைச் செலவழித்து வெளியிட்டார். அவை ஏற்கப்படவில்லை. பின்னாளில், அவர் மறைந்தபின், ஜோசப் பேசல்ஜெட் என்ற என்ஜினியர் தேம்ஸ் கரையோரச் சாக்கடைகளைக் கட்டி முடித்தார். ஆகவே இந்தப் படத்தை வரைந்த கை, வரைபடமும் போடத் தெரிந்த கை.

இருட்டைத் தோண்டி எடுத்த வெளிச்சம்

இப்படங்கள் 'மெஸோடிண்ட்' என்ற முறையில் ஆனவை. ஓர் உலோகத் தகட்டை, பல் வைத்த கருவியால் எல்லாத் திசையிலும் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். அந்நிலையில் மை பூசி அச்சடித்தால் தாள் முழுவதும் வெல்வெட்டுப்போல் கறுப்பாக வரும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் சொரசொரப்பைச் சுரண்டித் தேய்ப்பார்கள். எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு வெளிச்சம். நாம் வெள்ளைத் தாளில் கறுப்பைச் சேர்த்து வரைகிறோம்; இதில் முதலில் இருட்டு, அதிலிருந்து வெளிச்சத்தை வெட்டி எடுக்க வேண்டும். செப்புத் தகடு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் மார்ட்டின் எஃகுத் தகட்டைப் பயன்படுத்தினார். தனிமாதிரி வரைந்து வைத்துக்கொள்ளாமல் தகட்டின் மேலேயே நேராகப் படத்தை அமைத்தார் என்பர்.

இதைப் படித்ததும் எனக்குச் சக்லேஷ்பூர் மலைப்பாதை நினைவுக்கு வந்தது. சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடுக்கும் இடையே 57 சுரங்கங்கள். 1979இல் மீட்டர் கேஜாகத் திறந்த அப்பாதை, அகலப் பாதையாக்க 1996இல் மூடப்பட்டது. சரக்கு வண்டிகள் 2006இலும் பயணி வண்டிகள் 2007இலும் ஓடத் தொடங்கின. அந்த ஆண்டுகளில் சில காலம் நானும் அங்கே பணியில் இருந்தேன். சுரங்கத்தின் நடுவில் கைவிளக்கை அணைத்துவிட்டு நின்றால், தொலைவில் வாய்ப்புறம் ஒரு நாலணாக் காசுபோல் தெரியும். அந்த வெளிச்சம் சுவரின் ஈரத்தில் பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நம் காலடிக்கு வருவதற்குள் தீர்ந்துபோகும். மார்ட்டினின் படத்தில் இருப்பது அதே வெளிச்சம்.

படத்தைப் பார்க்கும் முறை

காவியப் படம் எதுவானாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் அனுபவம்.

முதலாவது, பாட்டில் இல்லாதது எது படத்தில் வந்திருக்கிறது? மில்டனின் பாலம் எல்லையற்ற வெறும்பாழின் மேல் நிற்பது. அதற்குக் கூரை கிடையாது. மார்ட்டினோ தலைக்கு மேல் ஒரு வளைவைக் கொடுத்து, அதைச் சுரங்கமாக்கிவிட்டார். இதற்குக் காரணத்தை அவர் காலத்தில் தேடலாம். 1825இல்தான் மார்க் புரூனல் என்ற என்ஜினியர் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார். 1827இல் ஆற்றுநீர் உள்ளே புகுந்தது. 1828 ஜனவரியில் மீண்டும் புகுந்து ஆறு பேர் இறந்தனர். 1843இல் திறக்கப்பட்ட அச்சுரங்கத்தில் 1869 முதல் இரயில் ஓடியது. அதே 1825இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் இரயில் பாதையும் திறக்கப்பட்டது. ஊரே சுரங்கத்தைப் பற்றிப் பேசிய நாளில் வரைந்த நரகவழியும் சுரங்கமாக வந்ததில் வியப்பில்லை. கலை வரலாறு எழுதியோர் சிலரும் இத்தொடர்பைச் சுட்டியுள்ளனர்.

இரண்டாவது, ஆளின் அளவு என்ன? எறும்பளவு. கட்டியவர்களைவிடக் கட்டடம் பெரிது. செய்தவர் போனபின்னும் செய்த வேலை நிற்கும் என்பதை அளவினாலேயே காட்டிவிட்டார்.

மூன்றாவது, வெளிச்சம் எந்தப் பக்கம்? சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு வெளிச்சம் தெரிவது நல்ல சேதி. வீட்டுக்குப் போகலாம் என்று பொருள். இங்கேயோ வெளிச்சமுள்ள உலகம் நாம் வாழும் உலகம். இருட்டிலிருந்து அதை நோக்கி வருவது மரணம். நமக்கு ஆறுதல் தரும் வெளிச்சத்தையே அச்சம் தருவதாக ஆக்கியிருக்கிறார் மார்ட்டின்.

ஜகன்மோகன் அரண்மனையில்

இவ்வளவும் சொன்ன பிறகும் பேத்தியின் கேள்வி தீரவில்லை. நல்ல வேலைப்பாடு; நல்ல அஸ்திவாரம்; நல்ல பிணைப்பு. கெடுதல் எங்கே? கட்டியவர்கள் கெட்டவர்கள் என்பது விடையாகாது. கெட்டவர் கட்டிய பாலத்தில் நல்லவரும் போகலாமே.

விடையை நம் மைசூரிலேயே கண்டேன். 1861இல் எழுந்த ஜகன்மோகன் அரண்மனை 1915இல் சித்திரசாலை ஆயிற்று என்பதை நம்மவர் அறிவர். அங்கே ராஜா ரவிவர்மா தம் கடைசி ஆண்டுகளில் மைசூர் சமஸ்தானத்துக்காக எழுதிய புராணப் படங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, இராமபிரான் கடலின் செருக்கை அடக்கும் காட்சி. பாறைமேல் வில்லேந்திய இராமன், கொந்தளிக்கும் கடல், அலைகளுக்கு நடுவே எழுந்து பணியும் வருணன். இதுவும் ஒரு பாலத்தின் கதைதான். பாலம் தொடங்குவதற்கு முந்திய கணம்.

பேத்தியை அழைத்துக்கொண்டு போய் அப்படத்தின் முன் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் கம்பராமாயணம் யுத்த காண்டத்தை எடுத்தேன். வருணன் அடைக்கலம் புகுந்து இராமனிடம் சொல்லும் இடத்தில் கண் நின்றுவிட்டது. அவன் சொல்வதன் கருத்து இது: நான் கல்லைப்போல் இறுகி நின்று வழிவிட்டால், என்னுள் வாழும் கணக்கற்ற உயிர்கள் மாய்ந்துபோகும். ஆகவே என் தலைமேல் சேது ஒன்று இயற்றிச் செல். அதில் இட்டது எதுவும் விலகாமல் எக்காலமும் தாங்கி நிற்பேன்.

மரணத்தின் தண்டாயுதம் குழப்பக் கடலைக் கல்லாக்குகிறது. கம்பனின் கடலோ கல்லாக மறுக்கிறது. மறுப்பதற்குக் காரணம், கீழே உயிர்கள் இருக்கின்றன என்பது. இராமனும் அதை ஏற்றுக்கொள்கிறான். பிறகுதான் நளன் வருகிறான், வேலை தொடங்குகிறது. வான்மீகி முனிவர் நாள்வாரிக் கணக்கே கொடுத்திருக்கிறார்: முதல் நாள் 14 யோசனை, அடுத்து 20, 21, 22, 23, ஐந்து நாளில் மொத்தம் 100. முதல் நாள் குறைவாகவும் கை பழகப் பழக அதிகமாகவும் வேலை நடப்பது எந்த வேலைத்தளத்துப் பதிவேட்டிலும் காணக்கூடிய உண்மை.

இரண்டு பாலங்களும் உறுதியானவை. ஆனால் ஒன்றைக் கட்டும்போது கீழே இருப்பவனைக் கேட்கவில்லை. மற்றதில் கீழே இருப்பவன் பேச, மேலே போகிறவன் கேட்டான். வேறுபாடு இவ்வளவே.

நான் கேட்காத ஒரு சொல்

இங்கே என் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இடமும் பெயரும் வேண்டாம்.

இளவயதில் ஒரு கிளைப்பாதைக்கு மண்கரை போடும் வேலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். நில ஏற்றத்தாழ்வு, கரை உயரம், உருளை ஓட்டிய கணக்கு எல்லாம் சரி. ஒரு நாள் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தோளில் துண்டோடு வந்து, "ஸ்வாமி, மழைக்காலத்தில் இந்த இடத்தில் ஹள்ளம் ஓடும். ஊர்க்கெரெக்கு அதுதான் தண்ணீர். இங்கே ஒரு வழி விடுங்கள்" என்று கன்னடத்தில் சொன்னார். அது வறண்ட மாதம். அவர் காட்டிய இடத்தில் ஒரு சிறு பள்ளம்தான் தெரிந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் கல்வெர்ட் இல்லை. "டிராயிங்கில் இல்லையே, ஐயா" என்றேன். அவர் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். மேலதிகாரிக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வேலை குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

அந்த வருடமும் அடுத்த வருடமும் அந்த ஊர் ஏரி நிரம்பவில்லை. மூன்றாம் வருடம் கரையை வெட்டிக் குழாய்க் கல்வெர்ட் ஒன்று வைத்தார்கள். அளவெடுக்க என்னையே அனுப்பினார்கள். ஊரில் அந்தப் பெரியவரை விசாரித்தேன். கிணறும் வற்றிப்போனதால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வேறு ஊர் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதன்பின் நான் போட்ட ஒவ்வொரு கரையிலும் ஊராரை அழைத்துத் தண்ணீர் போகும் வழியைக் கேட்ட பிறகே கயிறு பிடித்தேன். ஆனாலும் அந்த முதல் கரை மனத்தைவிட்டுப் போகவில்லை. உறுதியில் அதற்கு இன்றும் குறை சொல்ல முடியாது.

மார்ட்டினின் படத்தை முதலில் பார்த்தபோது "நன்றாகத்தான் கட்டியிருக்கிறது" என்று சொன்னேனே, அதைச் சொன்னவன் அந்தப் பழைய மேற்பார்வையாளன்தான்.

பேத்தியிடம் இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெரியவர் பெயர் என்ன தாத்தா?" என்று கேட்டாள்.

பெயரையும் நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

அன்பர்களே! அடுத்த முறை ஜகன்மோகன் அரண்மனைக்குப் போகும்போது பிள்ளைகளை அந்தப் படத்தின் முன் சற்று நேரம் நிறுத்துங்கள். வில்லைப் பார்த்தபின் வருணன் பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். அவன் என்ன சொல்ல வருகிறான் என்று கேட்டால், கம்பனைத் திறந்து காட்டுங்கள்.

வாழ்க தமிழ்!